குறையில்லாத வைன்

"இத்தனை நாளா மலையேறி வர்றேன் சிஸ்டர். நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலை."

பெர்க்மான்ஸ் சமையலறை வாசலில் நின்று இதைச் சொன்னார். கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

மெட்டில்டா சிஸ்டர் ஆரஞ்சுத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொல்லித் தரணும்?"

"வைனை எப்படிச் சூடு பண்றதுன்னு."

"அடுப்புல வைக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல. அப்புறம் என்ன?"

இப்படிப் பதில் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கே வருகிறது.

*

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து தைல மரங்கள் தொடங்கும் இடத்தில், கன்னியர் நடத்தும் தியான இல்லம் ஒன்று இருந்தது. மனசு சரியில்லாதவர்கள் அங்கே போய்ச் சில நாள் பேசாமல் இருந்துவிட்டு வருவார்கள்.

மெட்டில்டா சிஸ்டர்தான் அதற்குப் பொறுப்பு. பெர்க்மான்ஸைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆலோசனை கேட்டு வருகிறவர்களைச் சமையலறையில்தான் உட்கார வைப்பார். குடும்பத் தகராறோடு போன ஒருவர் ஒரு கூடை வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய கதை உண்டு. தகராறு தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். வெங்காயம் தீர்ந்தது.

டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடிப் போகிற கூட்டம் கடைசியாக அந்த இல்லத்துக்குத்தான் வரும். பாடி முடித்ததும் ஆளுக்கொரு டம்ளர் சூடான திராட்சை வைன் கிடைக்கும். பட்டை, கிராம்பு, சுக்கு, ஆரஞ்சுத் தோல், தேன் எல்லாம் போட்டது. அந்த டம்ளருக்காகவே பாட்டுக் குழுவில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைக் கேட்டாலே தெரியும்.

பெர்க்மான்ஸ் பாட வந்தவர் அல்ல. அவர் டீ டேஸ்டர். தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, குறையைச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. விழுங்கக் கூடாது. விழுங்கினால் அடுத்த கிண்ணத்துக்கு நாக்கு ஒத்துழைக்காது. அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அதையே செய்தார் என்பதுதான் சங்கடம்.

*

போன கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி எமரன்சியா வீட்டில் வைன் சூடு பண்ணினாள். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் டம்ளரை இவர் கையில் கொடுத்தாள்.

இவர் சர்ரென்று உறிஞ்சினார். ஜன்னலுக்கு வெளியே ரோஜாத் தொட்டியில் துப்பினார்.

"சுக்கு தூக்கல்," என்றார்.

எல்லோரும் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள்.

எமரன்சியா பாத்திரம் கழுவினாள். பொங்கல் கழிந்ததும் கோத்தகிரியில் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

சுக்கு தூக்கலாகத்தான் இருந்தது. அதில் பெர்க்மான்ஸ் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறார்.

இப்போது அவள் வருகிறாள் என்று தகவல். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வருகிறாள். தங்குவதற்கு இல்லை. விட்டுப்போன கம்பளித் துணிகளையும் மீதிச் சேலைகளையும் எடுத்துக்கொண்டு போக வருகிறாள். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது?

அன்றைக்குக் குறையே சொல்ல முடியாத ஒரு வைனைச் செய்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் தங்கிவிடுவாள். இப்படி ஒரு முடிவுக்கு வந்துதான் அவர் தினமும் மலையேறினார்.

*

சிஸ்டர் அவருக்கு அடுப்பைக் காட்டினார். வைன் ஜாடியைக் காட்டினார். மசாலா டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"செய்யுங்க."

"அளவு?"

"உங்க கைதானே போடப் போகுது."

பெர்க்மான்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். சிறு தீயில் வைத்தார். ஆவி வந்ததும் இறக்கினார். கொதி வரவிடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த எனாமல் பேசினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரண்டியால் எடுத்து உறிஞ்சினார்.

துப்பினார்.

"பட்டை முத்தலாப் போச்சு."

மறுபடி செய்தார். உறிஞ்சினார். துப்பினார்.

"கிராம்பு முந்துது."

மறுபடி செய்தார். துப்பினார்.

சிஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், இது பன்னீர் திராட்சை. கம்பத்துலேருந்து கூடை கூடையா வரவழைச்சு, நானே மிதிச்சு, தினம் கிண்டி விட்டு வச்சது. பேசினுக்காக வைக்கலை."

"குறையோட எப்படிக் கொடுக்கிறது?"

"யாருக்குக் கொடுக்கணும்?"

"எமரன்சியாவுக்கு."

"அவங்களுக்கு எப்படி இருந்தாப் பிடிக்கும்?"

பெர்க்மான்ஸ் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். பிறகு, "நல்லா இருந்தாப் பிடிக்கும்," என்றார்.

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறார் என்று பெர்க்மான்ஸ் நினைத்தார். ஜெபமாக இருக்காது என்பது என் ஊகம்.

*

மறுநாள் பேசினைக் காணவில்லை.

"சிஸ்டர், என் பேசின்?"

"எடுத்துட்டேன்."

"அப்ப எங்கே துப்புறது?"

"நல்ல கேள்வி. அதையே யோசிச்சிட்டிருங்க."

ஒரு சாதாரண ஆளாக இருந்தால் அங்கேயே ஞானம் வந்திருக்கும். பெர்க்மான்ஸ் பின்கதவைத் திறந்துகொண்டு போய், சிஸ்டரின் முட்டைக்கோஸ் பாத்தியில் துப்பிவிட்டு வந்தார்.

"தேன் சரியில்லை," என்றார்.

சிஸ்டர் எழுந்து போய் முட்டைக்கோஸ்களைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பழைய தகர வாளியை எடுத்து அவர் காலடியில் டங்கென்று வைத்தார்.

*

"உங்க வைனைக் கொடுங்க. நான் பார்க்கிறேன்," என்றார் பெர்க்மான்ஸ் இன்னொரு நாள்.

சிஸ்டர் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

சர்ரென்று உறிஞ்சினார். துப்பினார்.

"தோலோட உள்வெள்ளை சேர்ந்திருக்கு. கசக்குது."

"ஆமா."

"தெரிஞ்சும் விட்டுட்டீங்களா?"

"கத்தி மொட்டை."

"தீட்டலாமே."

"தீட்டலாம்." சிஸ்டர் அவரையே பார்த்தார். "உள்ளே இறங்கினதும் எப்படி இருந்துச்சு?"

"உள்ளே எங்கே இறங்குச்சு? நாக்கு இங்கேதானே இருக்கு சிஸ்டர்."

"இந்தக் குளிர்ல வேர்க்க விறுவிறுக்க ஏறி வர்றீங்க. ஒரு வாய் விழுங்கினா என்ன?"

"விழுங்கிட்டா எப்படிச் சொல்றது?"

"எதை?"

"குறையை."

சிஸ்டர் டம்ளரை வாங்கினார். மீதி இருந்ததைத் தானே குடித்தார். கசப்போடு சேர்த்துத்தான் குடித்தார். பிறகு கைகளைத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே பனிமூட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதுல என்ன பாடம் சிஸ்டர்?" என்றார் பெர்க்மான்ஸ்.

"பாடமா? எனக்குக் குளிருச்சு."

*

அந்த வாரம் பாட்டுக் கூட்டம் வந்தது. தப்பும் தவறுமாகப் பாடினார்கள். பெர்க்மான்ஸ் குறை சொல்லி ஒதுக்கி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் சிஸ்டர் ஒன்றாகக் கலந்து சூடுபடுத்தி ஊற்றிவிட்டார்.

பெர்க்மான்ஸ் பதறிப்போனார்.

"அதுல ஒண்ணுல பட்டை முத்தல். ஒண்ணுல கிராம்பு. கலந்தா விஷம்."

அவர்கள் குடித்தார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்கள். மேளம் அடிக்கிற பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண் மூக்கு சிவந்து சிரித்தாள். இன்னொரு பாட்டு பாடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பாடியும் விட்டார்கள்.

கூட்டம் போனதும் பெர்க்மான்ஸ் சொன்னார்: "இவங்களுக்கெல்லாம் நாக்கே கிடையாது சிஸ்டர்."

"இருக்கட்டும். நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"வருவேன். நாளான்னைக்கு அவ வர்றா."

"அய்யோ," என்றார் சிஸ்டர்.

*

அவள் வருகிற நாள் காலையில் பெர்க்மான்ஸ் அதைச் செய்துவிட்டார்.

கத்தியைத் தானே தீட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆரஞ்சுத் தோலைச் சீவினார், வெள்ளை ஒட்டாமல். பட்டை மெல்லிசு. கிராம்பு இருப்பது தெரிந்தது, முந்தவில்லை. சுக்கு எங்கே என்று தேடினால்தான் தெரியும். உறிஞ்சினார். வாளியில் துப்பினார். காத்திருந்தார். சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை உறிஞ்சினார். துப்பினார்.

"சிஸ்டர்."

கரண்டியை நீட்டினார். "வந்துடுச்சு. பாருங்க. ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கரண்டியை வாங்கினார். சர்ரென்று உறிஞ்சினார். அவ்வளவு சத்தமாக அவர் உறிஞ்சி பெர்க்மான்ஸ் கேட்டதில்லை. நாக்கில் உருட்டினார். திரும்பி, ஸிங்கில் துப்பினார்.

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குறையே இல்லை."

பெர்க்மான்ஸ் ஸிங்கைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் துப்புனீங்க?"

"நீங்க எதுக்குத் துப்புவீங்க?"

"அது வேலை. பழக்கம். நான் வேற." அவர் ஸிங்கைக் காட்டினார். "இது எமரன்சியாவுக்குச் செஞ்சது சிஸ்டர். எத்தனை பாடுபட்டுச் செஞ்சிருக்கேன். அதைப் போய் என் கண்ணு முன்னாடி துப்பிட்டு, நல்லா இருக்குன்னு சொல்றீங்க."

"நல்லா இருக்குன்னு நான் சொல்லலையே. குறை இல்லைன்னுதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, மொத்தத்தையும் ஸிங்கில் கவிழ்த்தார்.

ஆவி கிளம்பியது. சமையலறை முழுக்க மணந்தது.

"நீங்க வாய் வாயாத் துப்புறீங்க," என்றார் சிஸ்டர். "நான் பாத்திரத்தோட துப்பிட்டேன்."

*

பெர்க்மான்ஸ் கத்தினார். கன்னியர் இல்லத்தில் யாரும் கத்தியிராத மாதிரி கத்தினார். இது பைத்தியக்கார வீடு என்றார். இனிமேல் இந்தப் படியில் கால் வைக்க மாட்டேன் என்றார். சாயங்காலம் அவள் வந்துவிடுவாள், இனி செய்ய நேரம் இல்லை, எல்லாம் போச்சு என்றார். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிஸ்டரும் சும்மா இருக்கவில்லை.

"எனக்கு மட்டும் வலிக்கலையா? நான் மிதிச்ச திராட்சை சார் அது," என்றார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

பிறகு ஜாடியைச் சாய்த்து, அடியில் கிடந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து அவர் கையில் வைத்தார். மண்டி கலங்கிய வைன்.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"வீட்டுக்குப் போங்க சார்," என்றார் சிஸ்டர். களைத்துப்போன குரலில் சொன்னார். "எனக்கு இன்னும் கேக் வேலை கிடக்கு."

*

எமரன்சியா சொன்ன நேரத்துக்கு வந்தாள். பனியில் சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. நேரே உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். துணிகளை மடித்துப் பையில் வைக்கப் பார்த்தாள். குளிரில் விரல் மடங்கவில்லை.

பெர்க்மான்ஸ் சமையலறையில் நின்றிருந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தார்.

"டீ போடட்டுமா?" என்று குரல் கொடுத்தார்.

"வேண்டாம். போட்டா உங்களுக்கே பிடிக்காது."

அவள் கையைத் தேய்த்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். மேடையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"வைன். மெட்டில்டா சிஸ்டர் கொடுத்தாங்க. மண்டி. நல்லா இருக்காது."

"குளிர்ல உயிர் போகுது. நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

பாத்திரத்தை எடுத்தாள். பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு கருப்பட்டித் துண்டை உடைத்துப் போட்டாள். பட்டையை ஒடித்துப் போட்டாள், கிராம்பைக் கைக்கு வந்தபடி போட்டாள். தீயைப் பெரிதாக வைத்தாள்.

பெர்க்மான்ஸின் உதடு பிரிந்தது.

"என்ன?" என்றாள் அவள், திரும்பாமலே.

"ஒண்ணுமில்லை."

"தீ அதிகம். கருப்பட்டி போடக் கூடாது. அதானே?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வந்தீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்ல வர்றீங்க. நான் எப்பங்க சொல்றது?"

அவள் ஆரம்பித்தாள்.

முதல் வாரம் வைத்த மீன் குழம்பிலிருந்து ஆரம்பித்தாள். புளி பழசு என்றாராம். அங்கிருந்து மூத்த மகனின் ஞானஸ்நான விருந்துக்குத் தாவினாள். கறியில் மிளகு பச்சை வாசம் அடிக்கிறது என்று பங்குச் சாமியார் முன்னால் சொன்னாராம். சொல்லச் சொல்ல அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். பின்னால் வைன் கொதிக்கத் தொடங்கியது.

பெர்க்மான்ஸுக்கு முதலில் சாராய நெடி வந்தது. வைனின் உயிர் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வேறொரு வாசம், லேசாக. கருப்பட்டி அடியில் பிடிக்கிறது. ஊரில் வேறு எந்த மூக்குக்கும் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

வாயைத் திறந்தார்.

"அம்மா செத்த அன்னைக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் எமரன்சியா. "பக்கத்து வீட்டு லில்லி காப்பி கொண்டாந்தா. காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை நான். அழுதுக்கிட்டே வாங்கிக் குடிச்சேன். நீங்க ஒரு வாய் வச்சீங்க. வாசல்ல போய்த் துப்புனீங்க. பால் புகைஞ்சிருக்குன்னீங்க. இப்ப அம்மாவை நினைச்சா எனக்கு அம்மா முகம் வரலைங்க. புகைஞ்ச பால்தான் வருது."

பெர்க்மான்ஸ் வாயை மூடிக்கொண்டார்.

வாசம் ஏறியது. அவர் அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். சொன்னதெல்லாம் உண்மை.

பேசிக்கொண்டே அவள் அடுப்பை அணைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள். நீட்டிவிட்டு, ஸிங்குக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அது அவளுக்குப் பழகிப்போனது. ஒதுங்குகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவள் ஒதுங்கிவிட்ட அந்த இடத்தைப் பெர்க்மான்ஸ் பார்த்தார்.

நின்ற இடத்திலேயே நின்று குடித்தார். நாக்கைச் சுட்டது. தொண்டையைச் சுட்டது. நெஞ்சுக்குள் சூடாக ஒரு கோடு இறங்கி, வயிற்றில் போய்ப் பரவியது. காது மடல்வரை வெதுவெதுப்பு ஏறியது. இவ்வளவு தூரம் உள்ளே போகுமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

அவள் தங்கை வீட்டில் இருந்த நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்றாள். சொல்லி முடித்து, மூச்சு விட்டு, தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் வைத்தாள்.

முகம் சுளித்தாள்.

"அடி பிடிச்சிருக்கே."

"ஆமா."

பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடி கரிந்து கிடந்தது. திரும்பி அவர் கையில் இருந்த டம்ளரை எட்டிப் பார்த்தாள். அதில் கிராம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு வாசம் வரலையா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"அப்பவே."

"அப்பவே வந்ததுன்னா ஒரு வார்த்தை சொன்னா என்ன? எல்லாம் வீணாப் போச்சே."

"நீ பேசிட்டிருந்தே," என்றார் பெர்க்மான்ஸ்.